ஐந்து மூட்டை மல்லாட்டைக்கு நல்ல விலை: சிறு விவசாயிகளோடு வேலைசெய்ய வருவோருக்கு ஒரு வழிகாட்டி

திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்குக் கையில் ரொக்கம் தரும் பயிர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைதான். விளைபொருளை ஏலத்தில் விற்கும் அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து விலைப்பலகையில் இதையே மணிலா என்று எழுதியிருப்பார்கள். ஒரு ஏக்கரோ ஒன்றரை ஏக்கரோ மானாவாரியில் போட்டவருக்கு, காயை உடைத்த பிறகு ஐந்திலிருந்து எட்டு மூட்டைப் பருப்பு நின்றால் அது சுமாரான வருடம். மூட்டை என்றால் 80 கிலோ. இந்த ஐந்து மூட்டைக்காரருக்குப் பயிற்சியும் சந்தையும் ஏற்படுத்தித் தரவேண்டும் என்று வருகிற களப்பணியாளர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவர்கள், படித்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்ட இளைஞர்கள் ஆகியோருக்கானவை இந்தக் குறிப்புகள்.

புதிதாக வருகிறவர் முதலில் தேடுவது வாங்குகிற ஆளை. சென்னையில் ஒரு பெரிய கம்பெனியோ ஒரு ஏற்றுமதியாளரோ கிடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பார். அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மல்லாட்டையின் விலையில் பெரும்பங்கு களத்துமேட்டிலேயே முடிவாகிவிடுகிறது. காயில் ஈரம் எவ்வளவு, நூறு கிலோ காய்க்குப் பருப்பு எவ்வளவு விழும், பூசணம் பிடித்தது கலந்திருக்கிறதா, எடை யாருடைய தராசில் என்ற நான்கும்தான் விலையைச் செய்கின்றன. வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி, நாலு காயை உடைத்துப் பார்த்து, இவற்றை அரை நிமிடத்தில் மதிப்பிட்டுவிடுவார். விவசாயிக்கு அந்த மதிப்பீடு தெரியாது. பயிற்சி என்று நீங்கள் எதைக் கொடுத்தாலும், தன் சரக்கைத் தானே அளந்து சொல்லும் நிலைக்கு அவரைக் கொண்டுவராவிட்டால் சந்தையை எவ்வளவு விரிவாகத் திறந்துவிட்டும் பயனில்லை.

முதலில் யார் யாருக்குக் கடன்

ஊருக்குள் போனதும் கூட்டம் போடவேண்டாம். இருபது வீடுகளில் தனித்தனியாக உட்கார்ந்து, போன வருடக் கதையைக் கேளுங்கள். விதை எங்கே வாங்கினீர்கள், காசு கொடுத்தா கடனுக்கா, யாரிடம் விற்றீர்கள், எடை எங்கே போட்டார்கள், பணம் எத்தனை நாளில் வந்தது. இந்த ஐந்து கேள்விக்கும் பதில் கிடைத்தால் ஊரின் சந்தை உங்களுக்குப் புரிந்துவிடும்.

மல்லாட்டையில் கையைக் கடிக்கும் முதல் செலவு விதை. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேண்டும். பருமனான ரகமானால் 55, 60 வரை போகும். அதை உள்ளூர் வியாபாரியிடம் கடனாக வாங்கியவர், அறுவடையானதும் அவரிடமே போடுவதாக வாக்குக் கொடுத்திருப்பார். அந்த விவசாயியிடம் போய், பக்கத்து ஊர் விற்பனைக்கூடத்தில் மூட்டைக்கு 300 ரூபாய் கூட வருகிறது என்று சொன்னால் தலையாட்டுவார். சரக்கு மட்டும் வராது. அவருக்கு விலை தெரியாமல் இல்லை, கட்டுப்பட்டிருக்கிறார்.

அந்த வியாபாரியை வில்லனாக்கிப் பேசுவதும் உதவாது. விதை கொடுக்கிறார், ஈரக்காயையும் எடுத்துக்கொள்கிறார், வீட்டு வாசலுக்கே வண்டி கொண்டுவருகிறார், ராத்திரி எட்டு மணிக்குக்கூடப் பணம் எண்ணித் தருகிறார். உங்கள் ஏற்பாடு இவற்றில் பாதியையாவது செய்யாவிட்டால் ஒரு பருவத்துக்குமேல் யாரும் கூட வரமாட்டார்கள். ஆகவே விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். தமிழ்நாட்டில் கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் இந்தக் கடனுக்கு வட்டியில்லை. வங்கியில் உழவர் கடன் அட்டை வழியாகவும் பெறலாம். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குத்தகைக்கும் பங்கு வாரத்துக்கும் உழுகிறவர்தான் இங்கே சிக்கிக்கொள்வார். சிட்டா நிலச் சொந்தக்காரர் பெயரில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் சாகுபடியாளர் பெயரை ஏற்றச் சொல்லி இப்போதே அலையத் தொடங்கினால்தான் அறுவடைக்குள் காகிதம் கைக்கு வரும்.

வகுப்பு வயலில், பயிரின் வயதுக்கு ஏற்ப

மண்டபத்தில் ஒரு நாள் முழுக்கப் பேசி, சாப்பாடு போட்டு அனுப்பும் பயிற்சியால் மல்லாட்டைச் செடியில் ஒரு காய்கூட அதிகமாகக் காய்ப்பதில்லை. வேளாண்மைத் துறையின் அட்மா திட்டப் பண்ணைப் பள்ளி ஒரு நல்ல அச்சு: 25 பேர், ஒரே வயல், ஒரு பருவத்தில் ஆறு வகுப்பு. வகுப்புத் தேதியைக் காலண்டரைப் பார்த்து வைக்காமல் செடியின் வயதைப் பார்த்து வையுங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டால் ஆள் வருவார்கள். வயலையும் ஆட்களையும் நீங்கள் தயார்செய்ய வேண்டும்.

விதைப்புக்குப் பத்து நாள் முன்பு முதல் வகுப்பு, முளைப்புச் சோதனை. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து, தினமும் தண்ணீர் தெளிக்கவேண்டும். ஒரு வாரத்தில் பிரித்து எண்ணினால் 70-க்குக் குறையக்கூடாது; சான்று விதைக்கும் அதுவே குறைந்தபட்ச அளவு. 55 முளைத்தால் அந்த விதையைத் தள்ளிவிடுங்கள். விதையளவைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். முளைப்புக் குறைந்த விதையில் முளைப்பதும் நோஞ்சானாகவே இருக்கும்.

விதை நேர்த்தியும் இதே வகுப்பில். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மைப் பூசணம் கலந்து, பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கரைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும். ரசாயனப் பூசணக்கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒரே வாளியில் கலப்பது வழக்கமாக நடக்கும் தவறு. மருந்து நுண்ணுயிரைக் கொன்றுவிடும். இன்னொன்று, கையை அழுத்திப் பிசைவது. மல்லாட்டைப் பருப்பின் தோல் உரிந்தால் அந்த விதை முளைக்காமல் மண்ணிலேயே அழுகும். பாலித்தீன் பையில் போட்டு மெல்லக் குலுக்கினால் போதும்.

இரண்டாம் வகுப்பு 15 நாள் பயிரில். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் அடித்து வைத்துச் செடியை எண்ணச் சொல்லுங்கள். 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர மீட்டருக்கு 33 செடி நிற்கவேண்டும். பல வயல்களில் 20 நிற்பதே அதிகம். விளைச்சல் ஏன் குறைகிறது என்று மருந்துக் கடையில் போய் விசாரிக்கிறவருக்குப் பாதி விடை இந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கும். ஆனி, ஆடிப் பட்டமானால் சிவப்புக் கம்பளிப் புழுவையும் இதே வகுப்பில் பேசிவிடுங்கள். முதல் மழைக்குப் பின் இதன் தாய் அந்துப்பூச்சி மொத்தமாக மண்ணிலிருந்து கிளம்பும். அந்த நாலைந்து இரவு ஊரே சேர்ந்து விளக்குப்பொறி வைத்தால்தான் பலன். ஒருவர் மட்டும் வைத்தால் சுற்றுவட்டாரப் பூச்சியெல்லாம் அவர் வயலுக்கு வரும்.

மூன்றாம் வகுப்பு, களையெடுப்பு நேரத்தில், 20 முதல் 25 நாளுக்குள். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்த வேலை.

நான்காவதுதான் பணம் தரும் வகுப்பு. 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு, மண் அணைக்கவேண்டும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் உறிஞ்சிக் கீழே அனுப்புவதில்லை. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் தாமே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஜிப்சம் செடியின் அடியிலேயே, விழுது இறங்கும் இடத்தில் விழவேண்டும். அடியுரத்தோடு போட்டால் இறைவைப் பயிரில் தண்ணீரோடு கரைந்து இறங்கிவிடும். காய்ந்த மண்ணில் போட்டால் கரையாமல் கிடக்கும். மானாவாரியில் ஈரம் வரும்வரை காத்திருந்து போடலாம். போடாத வயலில் பொக்குக் காய் கூடும். செடியைப் பிடுங்கினால் காய் நிறையத் தெரியும், உடைத்தால் பருப்பு இராது. இதை வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல், பயிற்சி வயலில் ஐந்து சென்டை மட்டும் ஜிப்சம் இல்லாமல் விட்டுவையுங்கள். அறுவடையன்று இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடி பிடுங்கி, காயை உடைத்து, பருப்பை எடை போட்டால் பேச்சு மிச்சம். ஒரு எச்சரிக்கை: மண் அணைத்த பிறகு அந்த மண்ணைக் கொத்திக் கிளறக்கூடாது. இறங்கிய விழுது அறுந்துபோகும்.

ஐந்தாவது 75 நாள் வாக்கில், காய் முற்றும் பருவத்தில். அந்தச் சமயத்தில் வறட்சி வந்தால் மண்ணிலேயே ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் காய்க்குள் நுழைந்து அஃப்ளாடாக்சின் நச்சை உண்டாக்கும். கிணற்றில் ஒரே ஒரு தண்ணீர்தான் மிச்சம் என்றால் அதை இந்தக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறாவது வகுப்பு அறுவடைக்கு. பல குட்டை ரகங்களுக்கு 105 நாள் என்பது புத்தகக் கணக்கு. வயலில் நாலைந்து இடத்தில் செடி பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உட்புறம் பாருங்கள். நூற்றுக்கு 75 காயில் உட்புறம் கறுத்திருந்தால் அறுவடைக்குத் தயார். வெண்மையாக இருந்தால் பருப்பு சூம்பிப் போகும். தாமதித்தாலும் கேடுதான், குட்டை ரகங்களுக்கு விதை உறக்கம் குறைவு, ஐப்பசி மழை ஒன்று விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

மல்லாட்டை பிடுங்குவது, காய் ஆய்வது, காயவைப்பது, பருப்புப் பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள் வேலை. கூட்டத்துக்கு ஆண்களைக் கூப்பிட்டுவிட்டு, வேலையைப் பெண்கள் செய்தால் சொன்னது எதுவும் களத்துக்குப் போகாது. நூறு நாள் வேலை முடிந்து வரும் நேரத்தைக் கேட்டு, வகுப்பை அதற்குப் பிறகு வையுங்கள்.

காயவைப்பது: யாருக்கு லாபம் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

பறித்த காயில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல்கூட ஈரம் இருக்கும். கிடங்கில் வைக்க அது 8, 9-க்கு வரவேண்டும். முதலில் செடியைக் கவிழ்த்து, காய் மேலே தெரியும்படி இரண்டு மூன்று நாள் வயலில் விடலாம். பிறகு காயை ஆய்ந்து, தார்ப்பாயில் அல்லது சாணம் மெழுகிய களத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, நாளுக்கு நாலைந்து முறை கிளறவேண்டும். மாலையில் குவித்து மூடவேண்டும், இல்லாவிட்டால் பனி ஏறிவிடும். தார்ச்சாலையில் கொட்டுவது வேண்டாம். சூட்டில் தோல் வெடிக்கும், வண்டிச் சக்கரம் ஏறும், விதைக்கு வைப்பதானால் முளைப்பும் போகும்.

காய்ந்ததைக் கண்டுபிடிக்க ஈரப்பதமானி இருந்தால் நல்லது. குழுவுக்கு ஒன்று போதும். இல்லாவிட்டால் மூன்று சோதனை. காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆடவேண்டும். பருப்பைக் கையில் தேய்த்தால் தோல் உரியவேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடையவேண்டும், பிசுபிசுக்கக்கூடாது.

நன்றாகக் காயவையுங்கள், விலை கிடைக்கும் என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 14 விழுக்காடு ஈரத்தில் 100 கிலோ காய் இருக்கிறது. 8-க்குக் காயவைத்தால் அது 93.5 கிலோதான் நிற்கும். ஆறரை கிலோ தண்ணீர் போனது, எடையும் போனது. ஈரக்காயை 60 ரூபாய்க்கு விற்றிருக்கக்கூடியவர், காய்ந்ததற்கு 64 ரூபாய் 20 காசு கிடைத்தால்தான் முதலுக்கு வருகிறார். மூன்று நாள் வேலை தனி. வாங்குகிறவர் ஈரத்துக்கும் உலர்வுக்கும் ஒரே விலை போட்டால், ஈரத்தோடு விற்பதுதான் விவசாயிக்குப் புத்திசாலித்தனம். அவர் உங்கள் பேச்சைக் கேட்காமல் இருந்தால் கோபப்பட ஒன்றுமில்லை. உலர்வுக்குத் தனி விலை தருகிறவரைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் காயவைக்கச் சொல்லுங்கள்.

அப்படி விலை தருகிறவர்கள் உண்டு. மரச்செக்கு வைத்திருப்போர், கடலை மிட்டாய் செய்வோர், ஏற்றுமதிக்குச் சேகரிப்போர் ஆகியோருக்குப் பூசணம் பிடித்த சரக்கு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கு மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மூட்டையில் ஒரு கைப்பிடி கெட்ட பருப்பே அந்த அளவைத் தாண்டவைத்துவிடும். வறுத்தாலும் இந்த நச்சு முழுதாகப் போகாது.

பல இடங்களில் சரக்கு கெடுவது உடைப்பு இயந்திரத்தின் முன்னால்தான். உலர்ந்த காயை அப்படியே விட்டால் பருப்பு இரண்டாகப் பிளக்கிறது என்று, காயின்மேல் தண்ணீர் தெளித்து உடைப்பார்கள். எடையும் கூடுமே என்ற ஆசையும் சேர்ந்துகொள்ளும். அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டினால் சில நாளில் உள்ளே பூசணம் படரும். உடைசல் அதிகமாக வந்தால் காயைச் சல்லடையில் சலித்துப் பெரிது சிறிதாகப் பிரியுங்கள். அந்தந்த அளவுக்கு ஏற்ற இரும்புச் சல்லடையை இயந்திரத்தில் மாட்டச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் மாற்ற யோசிப்பார். பத்து வீட்டுக் காயைச் சேர்த்து ஒரே நாளில் கொண்டுபோனால் மாற்றுவார்.

ஒரு கிலோ காயில் எத்தனை கிராம் பருப்பு

இது மட்டும் எல்லோருக்கும் கைவந்துவிட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. குவியலின் மேல், நடு, அடி, ஓரம் என்று பத்து இடத்தில் கைப்பிடி அள்ளி, ஒன்றாகக் கலந்து, நாலு கூறாக்கி, எதிரெதிர்க் கூறை எடுத்து மறுபடி கலந்து, ஒரு கிலோ வரும்வரை குறையுங்கள். மேலாக இருக்கிற நல்ல காயை மட்டும் அள்ளினால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்கிறீர்கள். பிறகு கையால் உடைத்து, சமையலறைத் தராசில் தனித்தனியாக நிறுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு:

மண், கல், குச்சி – 30 கிராம்
ஓடு – 290 கிராம்
நல்ல பருப்பு – 640 கிராம்
சூம்பல் – 30 கிராம்
பூசணம், கறுப்பு – 10 கிராம்

இந்தச் சரக்குக்கு நல்ல பருப்பு விழுக்காடு 64. நல்ல விளைச்சலில் 70 வரும். வறட்சியில் 60-க்கும் இறங்கும். 70 விழும் காயையும் 62 விழும் காயையும் ஒரே விலைக்குக் கேட்கும் வியாபாரியிடம், நல்ல காய்க்காரர் இனிமேல் இந்தத் தாளை நீட்டிப் பேசலாம்.

ஆதரவு விலையை ஒப்பிடவும் இந்த எண் வேண்டும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அது ஓட்டோடு இருக்கும் காய்க்கு. கூடத்தில் பேசுவதோ 80 கிலோ பருப்பு மூட்டைக்கு. 70 விழுக்காடு பருப்பு விழும் காயானால், பருப்பு மூட்டை சுமார் 8,300 ரூபாய்க்குப் போனால்தான் ஆதரவு விலைக்குச் சமம். 65 விழுக்காடானால் சுமார் 8,940 ரூபாய் வரவேண்டும். உடைப்புக் கூலி இதற்கு மேல். மூட்டை 7,800 ரூபாய் என்றதும் ஆதரவு விலையைவிட 500 ரூபாய் கூட வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு.

தராசும் கழிவும்

குழுவுக்கென்று 100 கிலோ எடை போடும் ஒரு மின்னணு மேடைத்தராசு வாங்குவது முதல் முதலீடாக இருக்கட்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் வருடாவருடம் முத்திரை வாங்கவேண்டும். கூடவே 20 கிலோ முத்திரைப் படிக்கல் ஒன்று. எடை போடும் ஒவ்வொரு காலையும் எல்லோர் முன்னிலும் அதைத் தராசில் வைத்துக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். வெறும் சாக்கையும் நிறுத்து எழுதுங்கள்.

மூட்டைக்கு 2 கிலோ கழிவு என்பது பல ஊரில் கேள்வி கேட்காத வழக்கம். ஒருவர் 8,000 ரூபாய், கழிவில்லை என்கிறார். இன்னொருவர் 8,100 ரூபாய், 2 கிலோ கழிவு என்கிறார். இரண்டாமவர் 82 கிலோவுக்கு 8,100 தருகிறார், அதாவது 80 கிலோவுக்கு 7,902. நூறு ரூபாய் கூட்டிக் கொடுப்பதுபோல் தெரிந்து, உண்மையில் 98 ரூபாய் குறைகிறது. விலையைக் கேட்கும்போது எப்போதும் மூன்றையும் சேர்த்துக் கேட்கப் பழக்குங்கள்: என்ன விலை, எத்தனை கிலோவுக்கு, பணம் எப்போது.

முதல் பருவம் வண்டி மட்டும் பொது, சரக்கு அவரவருடையது

எல்லோர் சரக்கையும் ஒரே குவியலாகக் கொட்டி ஒரே விலைக்கு விற்றுப் பங்கு பிரிப்பதுதான் கூட்டு விற்பனை என்று பலர் எண்ணுகிறார்கள். முதல் பருவத்திலேயே அதைச் செய்தால் குழு உடையும். ஒருவர் கொண்டுவந்த ஈர மூட்டை ஒன்று மொத்தச் சரக்கின் விலையையும் இறக்கும். யாருடையது என்று பேச்சு வளரும். முதல் பருவம் வண்டியை மட்டும் பொதுவாக்குங்கள். ஒரு டாடா ஏஸ் வண்டியில் ஒன்பது மூட்டை ஏற்றலாம். வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மூட்டைக்காரர் தனியாகப் போனால் மூட்டைக்கு 300. இன்னொருவருடைய நாலு மூட்டையோடு சேர்ந்து போனால் 167. கூடத்தில் கூடுதலாகக் கிடைப்பது மூட்டைக்கு 250 ரூபாய் என்றால் தனியாகப் போனவருக்கு நஷ்டம், சேர்ந்து போனவருக்கு லாபம்.

சேத்துப்பட்டு, அவலூர்பேட்டை, செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை என்று இந்தப் பகுதியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் நெருக்கமாகவே உள்ளன. முதல்நாள் விலையை உழவன் செயலியில் பார்க்கலாம். ஆனால் அதில் வரும் அதிகபட்ச விலையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அது அன்றைக்கு வந்த ஒரே ஒரு நல்ல குவியலுக்கு விழுந்ததாக இருக்கலாம்.

கூடத்துக்குள் நடப்பது இவ்வளவுதான். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல், சிட்டா ஆகியவற்றோடு அதிகாலையில் போய்ச் சரக்கைப் பதிந்து குவியல் எண் வாங்கவேண்டும். வியாபாரிகள் சுற்றிப் பார்த்து, மறைமுக ஏலத்தில் விலையை எழுதிப் போடுவார்கள். மின்னணு வேளாண் சந்தையோடு இணைந்த கூடங்களில் கணினி வழியாகவும் பதிவார்கள். 2016 ஏப்ரல் 14-இல் தொடங்கிய திட்டம் இது. அதிக விலை அறிவிக்கப்பட்ட பின் அது பிடிக்காவிட்டால் விற்க மறுக்க விவசாயிக்கு உரிமை உண்டு. முதன்முறை போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. நூற்றுக்கு ஒரு ரூபாய் சந்தைக் கட்டணத்தை வாங்குகிறவர்தான் கட்டவேண்டும். விவசாயியிடம் தரகு பிடிக்கக்கூடாது.

தாமதமாகப் போகிறவருக்கு விலை குறையும். சாக்கின் வாயைக் கட்டியே வைத்திருப்பவருக்கும் குறையும். பார்க்க முடியாததற்கு வியாபாரி தாழ்த்தித்தான் எழுதுவார். சாக்கின் மேலே நல்லது, அடியில் கல்லும் சூம்பலும் வைத்திருந்தால் ஒரு முறை ஏமாறுவார்கள். பிறகு அந்த ஊர்ச் சரக்குக்கே விலை விழும். இது குழுவில் கறாராகச் சொல்லவேண்டிய செய்தி.

விலை இறங்கிக் கிடக்கும் நாளில் கூடத்துக் கிடங்கில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். மதிப்பில் 75 விழுக்காடு வரை கிடைக்கும், 180 நாள் வரை வைக்கலாம். அவசரத்துக்கு நல்ல வழி. உடைத்த பருப்பை மட்டும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்: காறும், வண்டு விழும், எடையும் குறையும். காத்திருப்பதானால் ஓட்டோடு.

இரண்டாம் பருவம் ஒரே தரமுள்ளவர்களின் சரக்கை மட்டும் ஒரு குவியலாக்கிப் பாருங்கள். பத்துப் பேர், ஐம்பது மூட்டை, எல்லாம் 8 விழுக்காட்டுக்குள் ஈரம், 68-க்கு மேல் பருப்பு. ஐந்து மூட்டைக் குவியலைத் திரும்பிப் பார்க்காத வியாபாரி ஐம்பது மூட்டைக்கு நிற்பார். வரவுப் பதிவேட்டில் பெயர், மூட்டை, மொத்த எடை, சாக்கு எடை, ஈரம், பருப்பு விழுக்காடு, நேரம் ஆகியவற்றை எழுதி, கையெழுத்து வாங்கி, நகலை அவரிடமே கொடுத்துவிடுங்கள். தரத்தில் தவறியது இரண்டாம் குவியலுக்கு. தலைவர் வீட்டுச் சரக்காக இருந்தாலும் அப்படியே. பணம் விற்பனைக்கு மறுநாளே அவரவர் வங்கிக் கணக்கில் ஏறவேண்டும். குழுவே காசு கொடுத்து வாங்கி வைத்துப் பிறகு விற்பது வேறு வியாபாரம். விலை இறங்கினால் நஷ்டம் குழுவின் தலையில் விழும். கையில் மூலதனம் இல்லாமல் அதில் இறங்கவேண்டாம்.

நிறுவனம் எப்போது, எண்ணெய் எப்போது

2020 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்று வைத்தார்கள். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டில் 18 லட்சம் ரூபாய் வரை, பங்குத்தொகைக்கு இணையாக உறுப்பினருக்கு 2,000 ரூபாய் என்று அதிகபட்சம் 15 லட்சம் வரை உதவி அறிவித்தார்கள். இந்தத் தொகைகளைப் பார்த்துத்தான் பல நிறுவனங்கள் பிறந்தன. சட்டப்படி பத்து உற்பத்தியாளர்கள் இருந்தாலே பதிவு செய்துவிடலாம், ஐந்து இயக்குநர் வேண்டும். பதிந்த நாளிலிருந்து விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தணிக்கை, ஆண்டுக் கணக்குத் தாக்கல், தவறினால் அபராதம். இரண்டு பருவம் சேர்ந்து விற்றுப் பழகாத குழுவுக்கு இது வீண் சுமை. அதுவரை நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு போதும். தமிழ்நாட்டின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18 முதல் அந்த அளவில்தான் குழுக்களை அமைத்தது.

செக்கு வைத்து எண்ணெய் ஆட்டலாமே என்ற யோசனை ஒவ்வொரு குழுவிலும் வரும். எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, பாட்டில், சீட்டு, கடைக்காரருக்குக் கடன், விற்காமல் திரும்பி வரும் சரக்கு என்று எல்லாம் சேர்ந்து வரும். மல்லாட்டையையே ஒழுங்காகத் தரம் பிரித்து விற்கத் தெரிந்த பிறகு அதைப் பேசலாம். அதைவிட லாபமும் தொல்லைக் குறைவும் உள்ள வேலை, அடுத்த பருவத்து விதையைக் குழுவே வைத்துக்கொள்வது. ஒவ்வொரு வீட்டிலும் நோயில்லாத, ஒரே ரகமான பகுதியிலிருந்து ஏக்கருக்கு 75 கிலோ காய் தனியாக எடுத்து, இளவெயிலில் காயவைத்து, உடைக்காமல் புதுச் சாக்கில் கட்டி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். உரச் சாக்கு வேண்டாம். மாதம் ஒருமுறை பிரித்துப் பார்த்து, காயில் ஓட்டை தெரிந்தால் அந்த மூட்டையை உடனே ஒதுக்கிவிடுங்கள். விதைப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது உடைத்தால் போதும், அதுவும் கையால்.